பசி எடுக்காத கோப்பியும் ரத்தக் கொதிப்பு மாத்திரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன டவுனில் பார்மசி வைத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பது என் கடையில் தொடங்கி, அரசாங்க கிளினிக், மாவட்ட மருத்துவமனை என்று போய், மறுபடி என் கடைக்கே வந்து சேர்ந்த ஒரு சம்பவம். சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன். பெயர், தாமான் (குடியிருப்பு), வேலை செய்யும் பள்ளி எதுவும் இதில் இல்லை. "எழுதுங்க தம்பி, ஆனா என் மச்சினி பேரு வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார். மச்சினி பின்னால் வருவார்.

பின்னணி

அக்காவுக்கு 54 வயது. ரப்பர் காலத்தில் லயத்து வீட்டில் பிறந்தவர். அம்மா பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களை இடித்த பிறகு குடும்பம் டவுனை ஒட்டிய மலிவு விலை வீட்டுக்கு வந்தது. பதினாறு வருடமாகப் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறார். விடிகாலை 4 மணிக்கு எழுந்து, 5.30க்கு அடுப்பைப் பற்றவைத்தால், பிள்ளைகளின் ஓய்வு நேரம் முடிகிறவரை நின்றபடியேதான் வேலை. தட்டைப் போட்டு உட்காருவது 11 மணிக்கு மேல். உப்பு பார்க்க, உறைப்பு பார்க்க என்று அதற்குள் வாய்க்குள் போனதும், டின் பால் ஊற்றிய நாலைந்து கிளாஸ் தேத்தண்ணியும் அவர் கணக்கில் சாப்பாடே கிடையாது.

ரத்தக் கொதிப்பு ஒன்பது வருடமாக இருக்கிறது. பெரின்டோபிரில் 4 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி., தினமும் ஒவ்வொன்று. மாத்திரையைத் தவறவிடுகிற ஆள் இல்லை. கிளினிக் புத்தகத்தைப் புரட்டினால் மேல் எண் வருடக்கணக்கில் 130ஐ ஒட்டியே இருக்கிறது. எடை 86 கிலோ, உயரம் 154 செ.மீ. முழங்கால் வலியும் உண்டு.

ஒவ்வொரு தடவை போகும்போதும் கிளினிக்கில் சொன்னது ஒன்றுதான்: எடையைக் குறைங்க. எப்படிக் குறைப்பது என்று பேச அந்த ஐந்து நிமிடத்தில் இடமிருக்காது. வெளியே காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் டாக்டரைக் குறை சொல்லவும் மனம் வராது. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள், 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது எங்கள் ஊர் வரிசையில் அதிசயமே இல்லை.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. அக்கா யார் பேச்சையும் மீறவில்லை. எடையைக் குறைக்கச் சொன்னார்கள், குறைக்க வழி தேடினார்.

எடை இறங்கியது, கொதிப்பு ஏறியது

கிளினிக்கின் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் முதலில் சொல்கிறேன்.

வழக்கமான மூன்று மாத அப்பாயின்மெண்டில் எடை 81 கிலோ. ஐந்து கிலோ குறைவு. மிஸி (நர்ஸ்) பாராட்டியிருக்கிறார், டாக்டரும் பாராட்டியிருக்கிறார். ஆனால் அழுத்தம் 156/96, நாடி 98. எடை இறங்கினால் அழுத்தமும் கொஞ்சமாவது கூடவே இறங்க வேண்டும். இங்கே எதிர்ப்பக்கமாக ஏறியிருந்தது. "மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" "சாப்பிடுறேன்." "வேற மருந்து ஏதும்?" "இல்ல டாக்டர்." அம்லோடிபின் 5இலிருந்து 10 மி.கி. ஆனது.

ஒரு மாதம் கழித்து 160/98. மூன்றாவதாக, நீரை வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதியாசைடு 25 மி.கி. சேர்ந்தது. கொதிப்பு அடங்காத ஒருவருக்கு இப்படிப் படிப்படியாக மருந்தைக் கூட்டுவது வழக்கமான நடைமுறைதான். கையில் இருந்த தகவலுக்கு அந்த முடிவு சரி.

இனி என் பக்கம். அதே மாதங்களில் அக்கா மூன்று முறை என் கடைக்கு வந்திருக்கிறார். ஒரு நாள் வாய் வறண்டுபோகிறது என்று சப்பும் மிட்டாய். இன்னொரு நாள் ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை, ஏதாவது தைலம் இருக்கிறதா என்று. அப்புறம் ஒரு நாள், நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்று. மூன்றையும் மூன்று தனித்தனிச் சாமானாக விற்று அனுப்பினேன். வாய் வறட்சி, தூக்கமின்மை, மலச்சிக்கல், கூடவே வேகமான நாடி, குறையும் எடை. பரீட்சைத் தாளில் இந்த ஐந்தையும் ஒரே வரியில் எழுதிக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் பதில் எழுதியிருப்பேன். கல்லாவுக்கு முன்னால் அவை தவணை தவணையாக வந்ததில் தவறவிட்டுவிட்டேன்.

அந்தச் சாயங்காலம்

ஒரு வேலை நாள், மணி நாலு இருக்கும். கெண்டைக்காலில் தேய்க்கத் தைலம் கேட்டு வந்தார். ராத்திரியில் கால் இழுத்துப் பிடிக்கிறதாம், கட்டிலை விட்டு இறங்க முடியவில்லையாம். தைலத்தை எடுக்கத் திரும்பியவன், அவர் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து உட்காரச் சொன்னேன். கை லேசாக நடுங்கியது.

அழுத்தம் 178/106, நாடி 114. ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்த்ததில் 174/104, நாடி 110. நெஞ்சு வலி இல்லை. முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, இரண்டு கையும் ஒரே அளவு உயர்ந்தன. "நெஞ்சுதான் படபடன்னு அடிக்குது, ரெண்டு வாரமா." கணுக்காலில் செருப்பு வார் பதிந்த இடம் குழியாக இருந்தது.

"அக்கா, கிளினிக் மருந்து இல்லாம வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?"

"இல்ல தம்பி. அதான் மூணு மாத்திரை குடுத்திருக்காங்களே, அது போதாதா?"

அதோடு விட்டிருப்பேன். நான் எப்போதும் கேட்கிற கேள்வி அது, எப்போதும் கிடைக்கிற பதிலும் அதுதான். அன்றைக்குக் கடையில் வேறு ஆள் இல்லை. பேச்சை வளர்க்கிற எண்ணத்தில்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"சரி, காலையில எழுந்ததும் வாயில முதல்ல என்ன போகும்? வரிசையாச் சொல்லுங்க."

"எழுந்ததும் ஒரு செம்பு சுடுதண்ணி. அப்புறம் அந்தக் கோப்பி…"

"எந்தக் கோப்பி?"

"பசி எடுக்காத கோப்பி. மச்சினி குடுத்தது. ராத்திரி படுக்கும்போது டீ."

"அது மருந்து இல்லையா அக்கா?"

"கோப்பி எப்படி மருந்தாகும்? எல்லாம் மூலிகைதானே தம்பி."

அவர் பொய் சொல்லவே இல்லை. டாக்டரிடம் சொன்னதும் பொய் இல்லை. கோப்பியும் டீயும் அவர் அகராதியில் மருந்து கிடையாது. நம் ஆள்களுக்கு மருந்து என்றால் அது கிளினிக்கில் கொடுப்பது, கசப்பது, வேளை பார்த்துப் போடுவது. தோட்டத்து டிரஸர் (தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்) கலக்கிக் கொடுத்த காலத்திலிருந்து அப்படித்தான்.

பையில் இருந்தவை

கைப்பையில் இரண்டும் இருந்தன. கேன்டீனில் குடிப்பதற்காகக் கோப்பிப் பொட்டலம் இரண்டு, மடித்துவைத்த காலி அட்டை ஒன்று, டீத்தூள் பை நாலு.

அட்டை பளபளப்பாக இருந்தது. முன்பக்கம் இடுப்பு சிறுத்த ஒரு பெண். நூறு விழுக்காடு மூலிகை என்றும், சுகாதார அமைச்சின் அனுமதி பெற்றது என்றும் மலாயில் போட்டிருந்தது. கீழே ஒரு எண். அந்த எண் 'என்ஓடி' என்று தொடங்கி 'கே' என்று முடிந்தது. அது அழகுசாதனப் பொருள்களுக்கு, அதாவது மேலுக்குப் பூசுகிறவற்றுக்குக் கொடுக்கிற எண். பதிவு பெற்ற மருந்தென்றால் 'எம்ஏஎல்' என்று தொடங்கும். பாரம்பரிய மருந்துக்குக் கடைசி எழுத்து 'டி'. என்பிஆர்ஏ என்கிற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அட்டையிலிருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன். முகத்துக்குப் போடும் கிரீம் ஒன்று வந்தது. அக்காவிடம் போனைத் திருப்பிக் காட்டினேன். "கிரீமையா குடிச்சேன்?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

டீ பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியது. அதில் உள்ள சரக்கை ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள். 'டாவுன் செனா' என்றால் நிலவாகை இலை. 'ஆக்கார் மானிஸ்' என்றால் அதிமதுரம். கோப்பி குடிக்கத் தொடங்கி ஒரு மாதத்தில் மலச்சிக்கல் வந்ததால் இந்த டீ. முதலில் ஒரு பை. அது போதாமல் இரண்டு. கடைசி ஒரு மாதமாக மூன்று பைகளை ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்திருக்கிறார்.

அதிமதுரம் என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அது பச்சப் புள்ளைக்கே இருமலுக்குக் குடுக்கிறதாச்சே." சரிதான். இருமலுக்கு இரண்டு நாள் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதும், ஏழு வாரம் தினமும் கஷாயமாகக் குடிப்பதும் வேறு வேறு. கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சிறுநீரகத்தில் அடக்கிவைக்கிற ஒரு நொதி உண்டு. அதிமதுரத்தின் கிளிசிரைசின் அந்த நொதியைத் தடுக்கிறது. அடங்காத கார்ட்டிசோல் உப்பைப் பிடித்துவைக்கிறது, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. கொதிப்பு ஏறும், தசை இழுக்கும், முற்றினால் இதயத் துடிப்பே தடம் மாறும். நிலவாகை பேதியோடு பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. இதற்கு மேல் கிளினிக் கொடுத்த மூன்றாவது மாத்திரையும் சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை இழக்கவைக்கிற ரகம். மூன்று ஓட்டை, ஒரே வாளி.

கோப்பிக்குள் என்ன இருந்தது? ஆய்வுக்கூட முடிவு எங்கள் கைக்கு வந்ததில்லை என்பதால் நான் சொல்வது ஊகம். ஆனால் எல்லா அறிகுறியும் சிபுட்ராமின் பக்கமே கை காட்டுகிறது. ஒரு காலத்தில் டாக்டர் சீட்டில் கொடுத்த பசியடக்கும் மருந்து அது. நோர் அட்ரினலின், செரோடோனின் இரண்டையும் நரம்புகள் திரும்ப உறிஞ்சாதபடி தடுக்கும். பசி அடங்கும், கூடவே ரத்தக் குழாய் இறுகும், இதயம் வேகமாக அடிக்கும், வாய் வறளும், மலம் இறுகும், தூக்கம் போகும். சுமார் 10,000 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், இதய நோய்க்கு வாய்ப்புள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் 16 விழுக்காடு அதிகம் என்று தெரிந்த பிறகு, 2010ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது. மருந்துக்கடையை விட்டுப் போனது கோப்பிக்குள்ளும் கேப்சூலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. மூலிகை என்ற பெயரில் விற்கும் மெலிவுப் பொருள்களில் இதைக் கண்டுபிடித்ததாக நம் சுகாதார அமைச்சு எத்தனையோ முறை அறிவித்திருக்கிறது.

கலப்படம் இல்லாத மூலிகை என்றாலும் கொதிப்புக்காரர்கள் யோசிக்க வேண்டும். மா ஹுவாங் என்ற எபெட்ராவில் இருப்பது, அழுத்தத்தை ஏற்றுகிற எபெட்ரின். அது சேர்ந்த உணவுத் துணைப்பொருள்களை அமெரிக்கா 2004ல் தடை செய்தது. கசப்பு ஆரஞ்சுச் சாறில் உள்ள சினெஃப்ரினும் அதற்கு உறவு. பச்சைத் தேயிலை, நடோலோல் என்ற கொதிப்பு மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். குடம்புளிக் கேப்சூல் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. இதைச் சொன்னதும் ஒருவர் "அப்ப மீன் கறிக்கு அசாம் கெப்பிங் போடக் கூடாதா?" என்று என்னைக் கேட்டார். அது குடம்புளி இனத்துப் புளி. தாராளமாகப் போடலாம். கறிக்கு நாலு துண்டு போடுவது வேறு, அதன் அமிலத்தைப் பிரித்துச் செறிவாக்கி நாளுக்கு மூன்று கேப்சூல் விழுங்குவது வேறு.

எடுத்த முடிவுகள்

கோப்பியையும் டீயையும் அந்த நிமிடமே நிறுத்தச் சொன்னேன். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை.

கிளினிக் மாத்திரையைப் பற்றித்தான் கொஞ்சம் தயங்கினேன். மூன்றாவது மாத்திரை நிலைமையை மோசமாக்குகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அழுத்தம் 174ல் நிற்கும் ஒருவரிடம், ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல், ஒரு மருந்தை நிறுத்து என்று சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, துணிச்சலும் இல்லை. அதைக் கடிதத்தில் கேள்வியாக எழுதினேன். அக்கா வேறொரு யோசனை வைத்திருந்தார்: இன்றைக்கு ராத்திரி அம்லோடிபின் ரெண்டாப் போட்டுக்கவா? வேண்டவே வேண்டாம் என்றேன்.

நாளைக்குப் போகலாமா, இன்றைக்கேவா? நாடி 110, கால் இழுப்பு, நீர் மாத்திரை, பேதி டீ. பொட்டாசியம் குறைந்திருக்கும் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். அதை அளக்க என்னிடம் கருவி இல்லை, இசிஜியும் இல்லை. கிளினிக் மூட ஒரு மணி நேரம் இருந்தது. போன் போட்டுச் சொல்லிவிட்டு அனுப்புவதென்று முடிவு செய்தேன். மகன் மோட்டாரில் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றான். வழியில் மயங்கினால் என்ன செய்வது என்று கார் பிடிக்கச் சொன்னேன்.

இதில் எதுவும் கஷ்டமாக இல்லை. அவரைப் போகச் சம்மதிக்கவைத்ததுதான் கஷ்டம். "டாக்டர் திட்டுவாங்க தம்பி. எடை குறைஞ்சதுக்கு எவ்வளவு பாராட்டுனாங்க தெரியுமா? இப்ப போய் கோப்பி குடிச்சேன்னு சொன்னா?" நானும் உள்ளுக்குள் திட்டுகிற நிலையில்தான் இருந்தேன். அடக்கிக்கொண்டேன். கடிதத்தின் முதல் வரியாக 'நோயாளி தாமாகவே முன்வந்து எல்லாப் பொருள்களையும் காட்டினார்' என்று எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு கோப்பிப் பொட்டலம், அட்டை, ஒரு டீப் பை மூன்றையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கடிதத்தோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடித்தேன். மீதிப் பொட்டலத்தை அவர் அனுமதியோடு நான் வைத்துக்கொண்டேன்.

மருத்துவமனையில்

கிளினிக்கில் எடுத்த இசிஜி சரியில்லை. டி அலைகள் தட்டையாகி, யு அலை தலைகாட்டியிருந்தது. ஆம்புலன்சில் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பொட்டாசியம் 2.9. இருக்க வேண்டியது 3.5லிருந்து 5.0 வரை. பெரின்டோபிரில் பொதுவாகப் பொட்டாசியத்தைத் தக்கவைக்கிற மருந்து. அது இருந்தும் 2.9 என்றால் எவ்வளவு போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். சிறுநீரகம் நன்றாக இருந்தது, மாரடைப்புக்கான அடையாளம் இல்லை. டிரிப்பிலும் வாய் வழியாகவும் பொட்டாசியம் கொடுத்தார்கள். ஹைட்ரோகுளோரோதியாசைடை நிறுத்தினார்கள். இரண்டு இரவு வார்டில். மூன்றாம் நாள் பொட்டாசியம் 3.7க்கு வந்ததும் வீடு. யாரும் திட்டவில்லை என்று எனக்கு வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பினார்.

நிறுத்திய பிறகு

நான் எதிர்பார்க்காதது இங்கேதான் நடந்தது.

நாலாம் நாள் கடைக்கு வந்தபோது நாடி 84, அழுத்தம் 150/92. நாடி சீக்கிரம் இறங்கியதும் அழுத்தம் மெதுவாக இறங்கியதும் எனக்கு ஒரு தடயம். சிபுட்ராமின் உடம்பில் மாறி உண்டாகும் பொருள்கள் பாதியாகக் குறைய 14லிருந்து 16 மணி நேரம் பிடிக்கும். மூன்று நாலு நாளில் ஏறக்குறையப் போய்விடும். அதிமதுரத்தின் வேலை அப்படி இல்லை, நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு வாரம் நீடிக்கும். இரண்டு காரணம், இரண்டு வேகம். ஆய்வுக்கூட முடிவு இல்லாமலேயே என் ஊகத்தில் எனக்கு ஓரளவு நம்பிக்கை வந்தது இதனால்தான்.

ஒன்பதாம் நாள் காலை, கேன்டீனில் சம்பலைக் கிண்டிக்கொண்டிருந்தவர் கண் இருட்டி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் பிடித்ததால் எண்ணெய்ச் சட்டி மேலே விழவில்லை. கிளினிக்கில் நிற்கவைத்துப் பார்த்தபோது அழுத்தம் 102/64. கோப்பியும் டீயும் மேலே தள்ளிக்கொண்டிருந்த அழுத்தத்துக்காகக் கூட்டிய அம்லோடிபின் 10 மி.கி. அப்படியே இருந்தது. தள்ளியது போனதும் மாத்திரை அதிகமாகிவிட்டது. மறுபடி 5 மி.கி. ஆக்கினார்கள். கணுக்கால் வீக்கமும் அதோடு வடிந்தது. அதுவும் கூட்டிய மாத்திரையின் பக்கவிளைவுதான்.

ஆறாவது வாரம்: 128/80, நாடி 76, பொட்டாசியம் 4.2. ஒன்பது வருடமாகச் சாப்பிட்ட அதே இரண்டு மாத்திரையில், அதே அளவில்.

எடை 84.5. பசி பழிவாங்குவது போலத் திரும்பியதாகச் சொன்னார். "கோப்பி நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு தம்பி. அதுக்குள்ள அந்தக் கழுதைய ஏன் கலந்தானுங்க?" அந்தக் கழுதைதான் வேலை செய்தது என்று சொன்னேன். பதில் பேசவில்லை. பிறகு கிளினிக்கின் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். இப்போது 5 மணிக்கே இரண்டு அவித்த முட்டையும் கொஞ்சம் கடலையும் சாப்பிட்டுவிட்டு அடுப்பில் நிற்கிறார். தேத்தண்ணி, பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' ஆகிவிட்டது, ஒரு கிளாஸ் தவிர. அந்த ஒரு கிளாஸை விட்டுத்தர முடியாதாம். நாலு மாதத்தில் 82 கிலோ.

விற்றவர்

மச்சினி கணவனை இழந்தவர். தாமான் வாட்சாப் குழுவில் பெட்டி 89 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றார். அவரைப் பற்றிப் புகார் போகும் என்றதும் அக்கா பிடிவாதமாக மறுத்தார். "அவளுக்கு என்ன தெரியும்? அவளும்தான் குடிக்கிறா."

அது உண்மை. நேரில் பேசியபோது அவருக்கே அழுத்தம் 148/94. கொதிப்பு இருப்பதாக இதுவரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பதிவு செய்யாத மருந்துப் பொருளை விற்றால் தனி ஆளுக்கு 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று வருடம் வரை சிறையோ உண்டு என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

இதில் இரண்டு காரியங்களைப் பிரித்துச் செய்தேன். பக்கவிளைவு அறிக்கை என்பிஆர்ஏவுக்குப் போனது. அதில் நோயாளியின் முழுப் பெயர் இல்லை, விற்றவர் பெயருக்கு அவசியமே இல்லை. பொருளின் பெயரும் நடந்ததும் போதும். அதை அன்றைக்கே செய்திருக்க வேண்டும், மறுவாரம்தான் செய்தேன். மருந்தக அமலாக்கப் பிரிவிடம் மச்சினியே பேசட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். பேசினார். விற்காமல் இருந்த பதினொரு பெட்டிகளையும் ஒப்படைத்து, தனக்குச் சரக்கு அனுப்பியவரின் எண்ணையும் கொடுத்தார். கிட்டத்தட்ட ஆயிரம் வெள்ளி நஷ்டம். வாட்சாப் குழுவில் அவரே ஒரு குரல் பதிவு போட்டு, வாங்கியவர்கள் குடிக்க வேண்டாம் என்று சொன்னார். நான் ஒட்டிய எந்த அறிவிப்பையும் விட அதுதான் ஆள்களைக் கடைக்கு வரவைத்தது. அந்த வாரத்தில் ஏழு பெண்கள் பெட்டியோடு வந்தார்கள். அவர்களில் நாலு பேர் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

இரண்டு நாள் காத்திருந்தது சரியா என்று என்னை இன்னும் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு நாளில் வேறு யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் இந்தப் பத்தியை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

எதை மாற்றியிருக்கிறேன்

'வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா' என்ற கேள்வியை விட்டுவிட்டேன். காலையிலிருந்து ராத்திரி வரை குடிக்கிறது, கரைக்கிறது, கொதிக்கவைக்கிறது, சப்புகிறது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொல்கிறேன். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகிறது. கூட்டம் இருக்கும் நேரத்தில் எரிச்சலாகவும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை குறைந்தும் கொதிப்பு ஏறினால், அல்லது நாடி 90ஐத் தாண்டினால், கூட்டம் இருந்தாலும் கேட்காமல் விடுவதில்லை.

கிளினிக் டாக்டரிடமும் பேசினேன். எடை குறைந்து வருகிறவரைப் பாராட்டும்போதே எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டுவிடலாமே என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாவது மாத்திரையைச் சேர்க்கும் முன் பொட்டாசியம் பார்க்காததுதான் தனக்கு உறுத்துகிறது என்றார். அவருக்கு அது, எனக்கு அந்த மூன்று சாமான்கள்.

இன்னொன்று ஒன்பதாம் நாள் மயக்கம். இப்படி ஒரு பொருளை நிறுத்தியவர் முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை வந்து அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும், உட்கார்ந்தும் நின்றும். வராவிட்டால் நான் போன் போடுகிறேன். அக்காவுக்கு இதைச் செய்திருந்தால் ஏழாம் நாளிலேயே எண் இறங்குவது தெரிந்திருக்கும்.

அக்கா தன் கிளினிக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, வாய்க்குள் போவதை எல்லாம் தானே எழுதிவைக்கிறார். எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். வெந்தயத் தண்ணி, வாரம் ரெண்டு நாள். இஞ்சி, கோயிலுக்குப் போனா. போன மாதம் அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: 'முருங்கப் பொடி, மச்சினி குடுத்தது, இன்னும் பிரிக்கல, தம்பிகிட்ட காட்டணும்.'